ஸ்மார்ட் வீடு: சாவி யார் கையில்?

செல்போனாலோ குரலாலோ இயக்கக்கூடிய பல்பு, ஸ்விட்ச், கதவுப் பூட்டு, கேமரா, ஸ்பீக்கர், அறை வெப்பநிலையைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் போன்றவற்றை ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் என்று அழைக்கிறார்கள். இவற்றை வாங்கியவர்களின் புகார்கள் பல வகை. வைஃபை பிடிப்பதில்லை, சொன்னது ஒன்று செய்தது ஒன்று, ஆப் திடீரென்று மாறிவிட்டது, நேற்று வரை இலவசமாக இருந்ததற்கு இன்று சந்தா கேட்கிறது, கடைசியில் கம்பெனியே கைவிட்டுவிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். சாதனம் வீட்டில் இருக்கிறது. அதன் மூளை, தயாரித்த கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. காசு கொடுத்தவருக்குப் பொருள் சொந்தமாகிறது, அதன் இயக்கம் சொந்தமாவதில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம், எதைத் தவிர்க்க முடியாது என்பதைக் கடையிலேயே கணித்துவிடலாம்.

ஒரு கட்டளையின் பயணம்

ஹாலில் உட்கார்ந்திருப்பவர் அமேசானின் அலெக்ஸா ஸ்பீக்கரிடம் விளக்கைப் போடச் சொல்கிறார். 'அலெக்ஸா' என்ற அழைப்புச் சொல்லை மட்டும் ஸ்பீக்கர் தானாகவே அடையாளம் காண்கிறது. அதற்குப் பின் பேசியது ஒலிப்பதிவாகி, வீட்டு ரவுட்டர் வழியாக அமேசானின் சர்வருக்குப் போகிறது. அங்கே பேச்சு எழுத்தாகிறது, எழுத்திலிருந்து கட்டளை பிரித்தெடுக்கப்படுகிறது. பல்பு வேறு கம்பெனியுடையது என்றால், பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சர்வருக்குத் தகவல் போக வேண்டும். அந்த சர்வர் மீண்டும் இணையம் வழியாக அதே வீட்டு ரவுட்டருக்குச் சொல்லி அனுப்ப, ரவுட்டர் பல்புக்குச் சொல்ல, விளக்கு எரிகிறது.

ஸ்பீக்கருக்கும் பல்புக்கும் இடையே பத்தடி தூரம்தான். ஆனால் கட்டளை இரண்டு கம்பெனிகளின் சர்வர்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. எல்லாம் சரியாக இருந்தால் இது ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். வழியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விளக்கு எரியாது. எந்தக் கண்ணி அறுந்தது என்பதும் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. இணையமா, ரவுட்டரா, ஸ்பீக்கர் கம்பெனியா, பல்பு கம்பெனியா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. சாதாரண ஸ்விட்ச் பழுதானால் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். இதில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

மாட்டும்போதே தொடங்கும் தொல்லை

முதல் நாள் சிக்கல் பெரும்பாலும் வைஃபையில் வருகிறது. இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. விலை குறைந்த ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். அதற்கான சில்லு மலிவு. அலையும் சுவர்களைத் தாண்டிக் கூடுதல் தூரம் போகும். செல்போனோ வேகத்துக்காக 5-இல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டர்களில், போனும் பல்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இணைப்பு மறுபடி மறுபடி தோற்றுப்போகும். ரவுட்டர் அமைப்பில் 5-ஐத் தற்காலிகமாக அணைப்பதோ, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைப்பதோ இதற்குத் தீர்வு. பெட்டிக்குள் இருக்கும் சிறு கையேடுகள் இதைத் தெளிவாகச் சொல்வது அரிது.

பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றும்போது இதே தொல்லை பல மடங்காகிறது. வைஃபையின் பெயரோ பாஸ்வேர்டோ மாறினால் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் புதிதாக இணைக்க வேண்டும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் புதிய ரவுட்டரில் வைத்துவிட்டால், பெரும்பாலான சாதனங்கள் தாமாகவே இணைந்துகொள்ளும்.

அடுத்தது கணக்கு. சாதனத்தை முதலில் இணைத்தவரின் மின்னஞ்சலோடு அது கட்டப்பட்டுவிடுகிறது. அவர் வெளியூர் போயிருக்கும்போது மற்றவர்கள் சாதனத்தைத் தொட முடியாமல் தவிப்பதும், விற்ற பிறகும் பழைய உரிமையாளரின் கணக்கிலேயே அது கிடப்பதும் இதனால்தான். இணைத்த அன்றே வீட்டில் இன்னொருவரையும் ஆப்பில் சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

சுவர் ஸ்விட்சும் மின்தடையும்

ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். அணைந்திருப்பதாகத் தெரியும்போதும் அது உள்ளே விழித்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியோ பெரியவரோ வழக்கப்படி சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்பின் தொடர்பு அறுந்துவிடும். ஆப்பில் என்ன அழுத்தினாலும் பலன் இல்லை. குறை பெரியவரிடம் இல்லை. எல்லோருக்கும் பழகிய ஸ்விட்சுக்கு இடம் வைக்காத வடிவமைப்பில்தான் குறை. விளக்கை எல்லோரும் பயன்படுத்தும் அறைகளில், பல்புக்குப் பதிலாக ஸ்விட்சையே ஸ்மார்ட் ஆக்குவது நல்லது. சுவரில் கையாலும் போடலாம், போனிலிருந்தும் போடலாம்.

மின்தடை இன்னொரு சோதனை. கரண்ட் திரும்பியதும் பல ஸ்மார்ட் பல்புகள் முன்பிருந்த நிலையை மறந்து முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் தூங்குகிறவர்களின் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். பிலிப்ஸ் ஹியூ பல்புகளில் இந்த நிலையைப் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதி 2018-இன் இறுதியில்தான் வந்தது. மின்தடை சகஜமான ஊர்களில், கரண்ட் வந்ததும் எந்த நிலைக்குத் திரும்பும் என்பதை ஆப்பில் அமைக்க முடியுமா என்று பார்த்தே பல்பு வாங்க வேண்டும். ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்திருந்தால், ஒவ்வொரு தடவையும் எல்லாச் சாதனங்களும் மீண்டும் இணையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சர்வர் படுத்தால்

வீட்டில் இணையமும் மின்சாரமும் சரியாக இருந்தும் சாதனங்கள் முடங்குவதுண்டு. பல கம்பெனிகள் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளாமல் அமேசான் வெப் சர்வீசஸ் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுக்கின்றன. 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியிலுள்ள அமேசான் சர்வர்களில் கோளாறு ஏற்பட்டபோது, ரிங் கேமராக்களும் அலெக்ஸாவும் ரூம்பா வாக்கும் கிளீனரின் ஆப்பும் பல மணி நேரம் பாதிக்கப்பட்டன. ரூம்பாவின் மேலேயே ஒரு பட்டன் இருந்ததால், அதை அழுத்தித் தரையைச் சுத்தம் செய்துகொள்ள முடிந்தது. கேமராவுக்கு அப்படி ஒரு மாற்று வழி இல்லை.

2025 அக்டோபர் 20 அன்று அதே பகுதியில் மறுபடியும் பெரிய தடை வந்தது. இந்தத் தடவை சிக்கியது படுக்கை. எய்ட் ஸ்லீப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மெத்தை உறை, உள்ளே நீரை ஓட்டிப் படுக்கையைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ செய்யும். இதன் விலை 2,000 டாலருக்கும் மேல். சர்வர் விழுந்ததும் சிலருடைய படுக்கை சூடாகிக்கொண்டே போனது. சிலருடைய கட்டில் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். இணையம் இல்லாதபோது புளூடூத் மூலம் போனிலிருந்தே இயக்கும் வசதியை நிறுவனம் அதன் பிறகே கொடுத்தது. படுக்கையின் சூட்டைக் குறைக்கும் கட்டளை எங்கோ உள்ள சர்வருக்குப் போய் வர வேண்டிய தொழில்நுட்பத் தேவை எதுவும் இல்லை என்பதற்கு அந்த வசதியே சாட்சி. முதலிலேயே கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

அப்டேட் கொண்டுவரும் மாற்றம்

அப்டேட் தேவையான ஒன்று. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கு அது தவிர வேறு வழி இல்லை. ஆனால் உரிமையாளரைக் கேட்காமல் வரும் அப்டேட் சாதனத்தைக் கெடுக்கவும் கூடும். கூகுள் குழுமத்தின் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுக்கு 2015 டிசம்பரில் வந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. 2016 ஜனவரியில் அது வெளிப்பட்டு, கருவியின் பேட்டரி காலியானது. கருவி அணைந்ததும் வீட்டின் ஹீட்டரும் நின்றது. நடுக்குளிர்காலத்தில், கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருந்த வீடுகள் உட்பட, பலர் குளிரில் விழித்தெழுந்தார்கள். கருவியைச் சுவரிலிருந்து கழற்றி, யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் ஏற்றி, மீண்டும் மாட்டி, ரீசெட் செய்து, இன்னொரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது நிறுவனம் சொன்ன வழி. வீட்டின் வெப்பநிலையைச் சீராக வைப்பது ஒன்றுதான் அந்தக் கருவியின் வேலை. அந்த ஒரு வேலை தேவைப்பட்ட நேரத்தில் நின்றுபோனது.

வேண்டுமென்றே வசதியைப் பறிக்கும் அப்டேட்டும் உண்டு. 2015 டிசம்பரில் பிலிப்ஸ், ஹியூ அமைப்பில் தன் அங்கீகாரம் பெறாத பிற கம்பெனிப் பல்புகள் இணையாதபடி ஒரு மாற்றம் செய்தது. பயனர்களின் எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் சேம்பர்லின் நிறுவனம், கராஜ் கதவைத் திறக்கும் மைக்யூ சாதனங்களைத் தன் அனுமதியில்லாத வெளி மென்பொருள்கள் அணுக முடியாதபடி அடைத்தது. வாங்கிய நாளில் வேலை செய்த இணைப்பு, வாங்கியவர் எதையும் தொடாமலே இல்லாமல் போனது.

கம்பெனி கைவிட்டால்

எல்லாத் தொல்லைகளிலும் கொடியது இது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரெவால்வ் என்ற சிறு நிறுவனம், பல கம்பெனிகளின் சாதனங்களை ஒரே ஆப்பில் இணைக்கும் ஒரு பெட்டியை 299 டாலருக்கு விற்றது. வாழ்நாள் முழுக்கச் சந்தா இலவசம் என்ற உறுதியும் கொடுத்தது. 2014 அக்டோபரில் நெஸ்ட் இந்த நிறுவனத்தை வாங்கி விற்பனையை நிறுத்தியது. பெட்டிகள் மட்டும் வீடுகளில் இயங்கிவந்தன. 2016 மே 15-க்குப் பிறகு சேவை இருக்காது என்று அறிவிப்பு வந்தது. அந்த நாளுக்குப் பின் ஆப் திறக்கவில்லை, பெட்டியும் இயங்கவில்லை. உள்ளே எந்தப் பாகமும் பழுதாகவில்லை. பேசுவதற்கு சர்வர் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரணை நடத்தியது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தர நெஸ்ட் முன்வந்ததால், 2016 ஜூலையில் நடவடிக்கை எடுக்காமல் அது விசாரணையை முடித்துக்கொண்டது.

ரெவால்வ் வாடிக்கையாளர்களுக்கு முன்னறிவிப்பாவது கிடைத்தது. கலிபோர்னியாவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. வீட்டில் விளக்குகளுக்கு வைத்திருந்த நேர அட்டவணைகளும் ஆப்பும் வேலை செய்யாமல் போக, என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை. கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் செய்வது போல, சாதனங்களை இணைக்கும் பெட்டியை ரீசெட் செய்தவர்கள் கூடுதலாக நஷ்டப்பட்டார்கள். மீண்டும் பதிவு செய்ய சர்வர் இல்லாததால் பெட்டி முற்றிலும் பயனற்றுப் போனது. ஆனால் இன்ஸ்டியானின் சுவர் ஸ்விட்சுகள் கையால் அழுத்தினால் வேலை செய்தன, வீட்டுக்குள் தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டன. அதே ஆண்டு ஜூனில் அந்தப் பொருள்களில் ஆர்வம் கொண்ட பயனர்கள் சிலர் சேர்ந்து நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, சர்வர்களை மீண்டும் இயக்கினார்கள்.

பெரிய நிறுவனமாக இருந்தால் மட்டும் இது நேராது என்று சொல்ல முடியாது. 2011-லும் 2012-லும் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபர் 25 அன்று நிறுத்தியது. அவற்றை இனி போனிலிருந்து இயக்க முடியாது. ஆனாலும் கருவியின் வளையத்தைத் திருகி வெப்பநிலையை மாற்றலாம். ரெவால்வ் பெட்டியோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் பெரியது. ஒன்று தன் ஸ்மார்ட் வசதிகளை இழந்த பின்னும் தெர்மோஸ்டாட்டாக நீடிக்கிறது. மற்றது வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது.

பிறகு வரும் சந்தா

சாதனத்தை ஒரு முறைதான் விற்க முடியும். சர்வருக்கான செலவோ மாதாமாதம் வருகிறது. புது வாடிக்கையாளர் குறைந்தால் பழையவர்களுக்கான செலவை ஈடுகட்ட வழியில்லை. இங்கேதான் சந்தா பிறக்கிறது. மாதக் கட்டணம் இல்லை என்பதையே சிறப்பாகச் சொல்லி வந்த அமெரிக்காவின் விங்க் நிறுவனம், 2020 மே மாதத்தில் மாதம் 4.99 டாலர் கட்டாவிட்டால் சேவை கிடைக்காது என்று அறிவித்தது. கொடுத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு வாரம்.

கேமராக்களில் சந்தா வேறு உருவில் வருகிறது. நேரலையை இலவசமாகப் பார்க்கலாம், பதிவான காட்சியைப் பிறகு பார்க்கச் சந்தா வேண்டும் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். திருட்டு நடந்த பின் தேவைப்படுவது பதிவுதான். ஆகவே மெமரி கார்டிலோ வீட்டிலுள்ள ரெக்கார்டரிலோ பதிவு செய்யும் கேமராவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அது நஷ்டமாகாது.

கேட்கும் காது, பார்க்கும் கண்

2018 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ஒரு தம்பதி வீட்டுக்குள் பேசியது அலெக்ஸாவில் பதிவாகி, அவர்களுடைய தொடர்புப் பட்டியலில் இருந்த ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அமேசான் அளித்த விளக்கம் கவனிக்கத்தக்கது. பேச்சில் 'அலெக்ஸா' போல ஒலித்த ஒரு சொல்லைக் கேட்டுக் கருவி விழித்தது. அடுத்து வந்த ஏதோ ஒரு பேச்சைச் செய்தி அனுப்பச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டது. பின்னணிப் பேச்சில் ஒரு பெயரைக் கேட்டதாக நினைத்து உறுதி செய்யக் கேட்டது. அதற்கும் பேச்சிலேயே ஒப்புதல் கிடைத்ததாக முடிவுசெய்து அனுப்பிவிட்டது. தவறான புரிதல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதன் விளைவு இது.

கம்பெனிக்குள் இருப்பவர்களாலும் ஆபத்து உண்டு. 2023 மே 31 அன்று அமெரிக்க வர்த்தக ஆணையம், ரிங் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் கேமராக் காட்சிகளைப் பார்க்கத் தடையில்லாமல் விட்டதாக அந்த நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. படுக்கையறைகளிலும் குளியலறைகளிலும் இருந்த பெண்களின் காட்சிகளை ஓர் ஊழியர் ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. ரிங் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் அதே நாளில் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

மூன்றாவது ஆபத்து, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமலே விடுவது. 2016-இல் மிராய் என்ற தீங்கு மென்பொருள், இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளின் சிறு பட்டியலை வைத்தே கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், ரவுட்டர்களுக்குள் பெருமளவில் நுழைந்தது. அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, டைன் என்ற இணைய நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் முடங்கின. தங்கள் வீட்டுக் கேமரா அந்தத் தாக்குதலில் சேர்ந்துகொண்டதை அதன் உரிமையாளர்கள் அறியவில்லை.

ஒன்றோடொன்று பேசாத சாதனங்கள்

பல்புக்கு ஓர் ஆப், பூட்டுக்கு ஓர் ஆப், கேமராவுக்கு ஓர் ஆப் என்று போனில் ஆப்கள் சேர்வது இன்னொரு சலிப்பு. வைஃபை, புளூடூத், ஜிக்பீ, இசட்-வேவ் எனச் சாதனங்கள் வெவ்வேறு முறைகளில் பேசுவதும், ஒவ்வொரு கம்பெனியும் வாடிக்கையாளரைத் தன் வேலிக்குள்ளேயே வைத்திருக்க விரும்புவதும் இதற்குக் காரணம். ஆப்பிள், அமேசான், கூகுள் ஆகியவையும் ஜிக்பீ கூட்டமைப்பும் 2019 டிசம்பரில் கைகோத்ததன் பலனாக, மேட்டர் என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வெளியானது. இந்தத் தரத்தின் முத்திரை உள்ள சாதனம் எல்லாப் பெரிய தளங்களோடும் இணையும். கட்டளையும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகும். நடைமுறையில் குறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தளமும் தரத்தின் வெவ்வேறு பகுதிகளையே ஆதரிக்கிறது. சிறப்பு வசதிகளுக்குக் கம்பெனியின் சொந்த ஆப்பே தேவைப்படுகிறது. ஆனால் வெளி சர்வரைச் சாராமல் இயங்கலாம் என்பதே பெரிய முன்னேற்றம்.

சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 184 ஸ்மார்ட் பொருள்களின் விவரங்களை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். எத்தனை காலம் அப்டேட் கிடைக்கும் என்ற தகவல், சுமார் 89 சதவீதப் பொருள்களுக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இல்லை. அரிசி மூட்டைக்கும் மருந்துக்கும் தேதி அச்சிடும் காலத்தில், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் பொருளின் ஆயுளை மறைத்து விற்பது நியாயமல்ல.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பிலுள்ள சட்டம், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எளிய பாஸ்வேர்டு வைத்து விற்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எத்தனை காலம் வரும் என்பதைச் சொல்லியே விற்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆதரவு கட்டாயமாகும். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையும் சான்றும் கட்டாயமாகியுள்ளன. மற்றபடி, பொருளில் குறை இருந்தாலோ சேவையில் குறை இருந்தாலோ, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்குப் பில்லும், விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதியின் பிரதியும் கையில் இருக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, இணையம் இல்லாதபோது சாதனம் என்னென்ன வேலை செய்யும் என்பது. பூட்டு, ஹீட்டர், கீசர் போன்றவற்றில் கையால் இயக்கும் வழி கட்டாயம் இருக்க வேண்டும்; ஸ்மார்ட் பூட்டுக்குச் சாவித் துவாரம் இருப்பது பாதுகாப்பு. இரண்டாவது, எந்த ஆண்டு வரை அப்டேட் தருவார்கள் என்பது. பதில் கிடைக்காவிட்டால் குறைந்த காலமே என்று வைத்துக்கொண்டு விலையை எடைபோட வேண்டும். மூன்றாவது, சந்தா இல்லாமல் எந்தெந்த வசதிகள் கிடைக்கும் என்பது. நான்காவது, மேட்டர் முத்திரை உண்டா என்பது.

வாங்கியபின் செய்ய வேண்டியவையும் சில உண்டு. பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் வசதி இருந்தால், ஸ்மார்ட் சாதனங்களை அதில் வைப்பது கணினிகளுக்கும் போன்களுக்கும் பாதுகாப்பு. படுக்கையறையில் கேமரா வேண்டாம். மைக் உள்ள கருவியில் மைக்கை அணைக்கும் பட்டனைத் தேவையான நேரத்தில் பயன்படுத்தலாம். தொழில்நுட்பத்தில் ஆர்வமும் நேரமும் உள்ளவர்களுக்கு, 2013-இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. ஒரு சிறு கணினியை வீட்டிலேயே வைத்து, பல கம்பெனிகளின் சாதனங்களை வெளி சர்வர் இல்லாமல் இயக்க அது உதவுகிறது.

சாதனத்தை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, அதை ரீசெட் செய்வது மட்டும் போதாது. ஆப்பில் தன் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும். நீக்கினால்தான் வாங்குபவர் அதைத் தன் பெயரில் பதிவு செய்ய முடியும்; விற்றவரின் வீட்டுக் காட்சிகளும் பதிவுகளும் அந்நியர் கைக்குப் போகாமலும் இருக்கும்.